அடித்தவரைக் கேள்வி கேட்ட ஆண்டவர்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



ஜூன் 26-ஆம் நாள் இந்த வாரத்தில் வருகிறது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஆதரவு தெரிவிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 1998 முதல் அதைக் கடைப்பிடித்து வருகிறது. நம் கோவில்களில் இந்த நாளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தாலும், "இதெல்லாம் அரசாங்கமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். செபமும் திருப்பலியுமாக இருக்கிற நமக்கு இதில் என்ன வேலை?" என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆகவே, அரசியலைப் பிறகு வைத்துக்கொண்டு, ஆண்டவருடைய திருப்பாடுகளிலிருந்து தொடங்குவோம்.

யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரம். இரவு நேரம். இயேசு கைகள் கட்டப்பட்டு அன்னாவின் முன் நிற்கிறார். அவருடைய சீடர்கள் யார், அவர் போதித்தது என்ன என்று விசாரிக்கிறார்கள். தாம் மறைவாக எதுவும் பேசவில்லை என்றும், கேட்டவர்களையே விசாரித்துப் பார்க்கலாம் என்றும் அவர் பதில் சொல்கிறார். அருகில் நின்ற காவலர் ஒருவர் உடனே அவருடைய கன்னத்தில் அறைகிறார். தலைமைக் குருவுக்கு இப்படியா பதில் சொல்வது என்று அதட்டுகிறார்.

ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று இதை நாம் நின்றுகொண்டு கேட்கிறோம். சாட்டையடியும் முள்முடியும் சிலுவையும் அடுத்து வருவதால் இந்த ஓர் அறையை எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் சற்று நின்று பார்ப்போம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இவர். இப்போது அவருடைய கன்னத்திலேயே அடி விழுந்துவிட்டது. அவர் என்ன செய்தார்? திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. அதே வேளையில் மௌனமாகவும் இருக்கவில்லை. தாம் பேசியது தவறு என்றால் அந்தத் தவறை எடுத்துக்காட்டும்படியும், சரி என்றால் எதற்காக அடித்தாய் என்றும் அந்தக் காவலரிடம் நேருக்கு நேர் கேட்டார்.

நள்ளிரவில் கைது, விசாரணை, காவலில் அடி. இம்மூன்றையும் நம் ஆண்டவர் தம் உடலில் அனுபவித்தார். அந்த இடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் காவலரும் பதில் சொல்லவில்லை, அங்கிருந்த பெரியவர்களும் பதில் சொல்லவில்லை. கட்டப்பட்ட கைகளோடு அவரை அப்படியே கயபாவிடம் அனுப்பிவைத்தார்கள்.

அன்பர்களே, அதே கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்த ஓர் அருள்சகோதரியை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் டயானா ஒர்ட்டிஸ். அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவர். உர்சலைன் சபைத் துறவி. 1987-இல் மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டுக்குச் சென்று, மலைநாட்டு ஊர் ஒன்றில் மாயன் இனக் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் நீடித்த போர் அது. நாட்டைக் கம்யூனிச அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இராணுவம் சொன்னது. அமெரிக்க அரசு அதற்குப் பணமும் பயிற்சியும் கொடுத்தது. ஏழைகளோடு நின்ற வேதியர்களும் குருக்களும் கன்னியரும்கூட நாட்டின் பகைவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நாம் நினைவுகூரும் நாள். அன்று காலை, ஆன்டிகுவா நகரில் தியான இல்லம் ஒன்றின் தோட்டத்தில் இருந்த சகோதரி டயானாவைச் சிலர் கடத்திச் சென்றார்கள். தலைநகரில் இருந்த இராணுவக் கட்டடம் ஒன்றில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அங்கே நடந்தவற்றுள் பலவற்றை இந்த வானொலியில் சொல்ல முடியாது. அவருடைய முதுகில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான சிகரெட் சூடுகள் இருந்தன என்பதை மட்டும் சொல்வோம். இடையில் அமெரிக்க உச்சரிப்பில் பேசிய ஒருவர் உள்ளே வந்தார். மற்றவர்கள் அவரை அலெகாந்துரோ என்று அழைத்தார்கள். இவர் வெளிநாட்டுத் துறவி, காணாமல்போன செய்தி வெளியே பரவிவிட்டது என்று சொல்லி அவர்களை அவர் நிறுத்தினார். பின்பு அவர் சகோதரியை வண்டியில் ஏற்றிச் சென்றபோது, வழியில் சகோதரி குதித்துத் தப்பினார்.

உயிர் பிழைத்தார். ஆனால் கடத்தலுக்கு முந்திய தம் வாழ்க்கையின் நினைவுகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டார். வீடு திரும்பியபோது பெற்ற தாய் தந்தையே அவருக்கு அந்நியராகத் தெரிந்தார்கள். கடவுளை நம்புவதுகூடப் பல காலம் அவருக்குக் கடினமாக இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. சித்திரவதை உடலைத் தாண்டி எங்கே போய்க் காயப்படுத்துகிறது என்பதை அவரிடமிருந்து நாம் அறிகிறோம்.

இரண்டாவது காயம் அதற்குப் பிறகு வந்தது. குவாத்தமாலாவில் அதிகாரத்தில் இருந்தவர்கள், அவர் கதை கட்டுகிறார் என்றார்கள். அவருடைய ஒழுக்கத்தின்மேல் பழி போட்டார்கள். அமெரிக்க அதிகாரிகள் சிலரும் அவரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். ஆண்டவர் கேட்ட கேள்விக்கு அன்று கிடைக்காத பதில் இவருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் சகோதரி டயானா கேட்பதை நிறுத்தவில்லை. குவாத்தமாலாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த தளபதி கிராமாகோ பதவியிலிருந்து இறங்கியபின் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1991-இல் அங்கே பட்டமளிப்பு விழா நடந்த நாளில், மாயன் மக்கள் தொடுத்த வழக்கின் அழைப்பாணை அவர் கையில் கொடுக்கப்பட்டது. சகோதரியும் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். 1995-இல் பாஸ்டன் நகர நீதிமன்றம், நடந்த கொடுமைகளுக்கு அந்தத் தளபதி பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு அவர் தம் சொந்த நாட்டு அரசையே கேட்கப் போனார். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார். அந்த அலெகாந்துரோ யார்? எங்கள் அரசுக்கு இதில் என்ன பங்கு? இதுதான் அவர் கேட்டது. 1996 மே மாதத்தில் அரசு ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்களை வெளியிட்டது. பல இடங்களில் வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே, அமெரிக்க அதிபர் அமைத்த மேற்பார்வைக் குழு ஒன்று, குவாத்தமாலாவில் அமெரிக்க உளவுத்துறையிடம் சம்பளம் வாங்கிய சிலர்மீது கொலை, கடத்தல், சித்திரவதை ஆகிய குற்றங்கள் நம்பத்தகுந்த முறையில் சாட்டப்பட்டுள்ளன என்று அறிக்கை கொடுத்தது. 1999-இல் அதிபர் கிளிண்டன் குவாத்தமாலாவுக்கே சென்று, அந்த இராணுவத்துக்கு அமெரிக்கா துணை நின்றது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அலெகாந்துரோ யார் என்பது மட்டும் சகோதரி 2021-இல் இறக்கும்வரை அவருக்குச் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் நம் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். அது நியாயமான கேள்விதான். 2019-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்கு வந்த நம் மக்கள் குண்டுகளுக்குப் பலியானார்களே. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைப் பிடித்து, நாலு அடி அடித்தால் உண்மை வந்து பல உயிர்கள் பிழைக்குமென்றால் அது தவறா? மக்களைக் காப்பது அரசின் கடமை அல்லவா?

கடமைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை நமக்கு முன்பே ஒருவர் போட்டிருக்கிறார். யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் தலைமைச் சங்கம் கூடுகிறது. இயேசுவை இப்படியே விட்டுவிட்டால் உரோமையர் வந்து கோவிலையும் இனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். இனம் முழுவதும் அழிவதைவிட ஒரு மனிதர் சாவது மேல் என்று கயபா முடிவு சொல்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், தேசப் பாதுகாப்பு. கயபா கெட்ட எண்ணத்தோடு பேசியதாகக்கூட நாம் நினைக்க வேண்டாம். அவருடைய அச்சம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு பலித்ததா? அந்த ஒருவரைக் கொன்றார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில், கி.பி. 70-இல், உரோமையர் வந்து கோவிலை இடித்தே போட்டார்கள்.

நம் காலத்துக் கணக்கும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க உளவுத்துறை பல நாடுகளில் இரகசியச் சிறைகளை நடத்தியது. மூச்சு முட்டும்படி முகத்தில் நீர் ஊற்றுவது, நாள்கணக்கில் உறங்கவிடாமல் நிற்கவைப்பது போன்றவற்றுக்கு அரசு வழக்கறிஞர்களே சட்டப் பூச்சு பூசிக் கொடுத்தார்கள். அந்நாட்டின் செனட் அவைக் குழு இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2014 டிசம்பரில் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. அந்தச் சிறைகளில் அடைக்கப்பட்டவர்கள் 119 பேர் என்றும், அவர்களுள் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்றும் அது சொன்னது. இந்த முறைகள் உண்மையை வரவழைக்கப் பயன்படவில்லை என்றும் சொன்னது. வலி தாங்காதவர், அடிப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்லிவிடுவார். இது நம் ஊர்க் காவல் நிலையங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் ஒருவர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை.

ஒருவேளை உண்மை வந்தாலும் அது ஆகாது என்பதே திருச்சபையின் போதனை. மனிதர் கடவுளின் சாயல். அந்தச் சாயல் குற்றவாளியிடமும் அழிவதில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் உடலையும் மனத்தையும் வதைப்பதை, கொலை, அடிமைத்தனம் ஆகியவற்றோடு சேர்த்து, படைத்தவரையே அவமதிக்கும் செயல் என்று கண்டித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜூன் மாதத்தில் மூவேளைச் செப உரையின்போது, சித்திரவதை சாவான பாவம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் கணக்கையும் நாம் மறைக்கக் கூடாது. 866-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், அடித்து வாக்குமூலம் வாங்குவது கடவுள் சட்டத்துக்கும் மனிதர் சட்டத்துக்கும் முரணானது என்று பல்கேரிய மக்களுக்கு எழுதினார். ஆனால் 1252-இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், திரிபுக் கொள்கையினரை விசாரிக்கச் சித்திரவதையை அனுமதித்தார். அன்றும் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்புதான்: விசுவாசத்தின் பாதுகாப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உண்மையைக் காக்கும் பெயரில் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைகளுக்காகப் புனித பேதுரு பெருங்கோவிலில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நாம் மற்றவர்களை விரல் நீட்டிக் குற்றம் சொல்ல வரவில்லை. நாமே செய்து, நாமே வெட்கி, ஒப்புக்கொண்டு கற்ற பாடத்தைச் சொல்ல வருகிறோம்.

"சரி, நடந்தது நடந்துவிட்டது. கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டியவர்கள் அல்லவா? ஏன் வழக்கு, விசாரணை என்று கிளறவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புனித பவுல் பதில் சொல்கிறார். திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில், பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போடுகிறார்கள். அன்றிரவே பவுல் சிறைக்காவலருக்கு நற்செய்தி அறிவித்து, அவருக்கும் அவர் வீட்டாருக்கும் திருமுழுக்குக் கொடுக்கிறார். அந்தக் காவலரே இவர்களுடைய காயங்களைக் கழுவுகிறார். மன்னிப்பு அங்கே முழுமையாக நடந்துவிட்டது. காலையில் நகர நடுவர்கள், போகச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போகவில்லை. உரோமைக் குடிமக்களை விசாரணையின்றி எல்லார் முன்பும் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்கிறார். நடுவர்கள் அஞ்சி, நேரில் வந்து, மன்னிப்புக் கேட்கிறார்கள். இரவில் காவலரை மன்னித்த அதே பவுல்தான் காலையில் அரசைப் பதில் சொல்ல வைத்தார். அன்று அவர் ஓசையின்றிப் போயிருந்தால், அந்த ஊரில் புதிதாக விசுவாசம் கொண்டவர்களுக்கு அடுத்த வாரம் அதே அடி விழுந்திருக்கும்.

குவாத்தமாலாத் திருச்சபை அந்த வழியில் நடந்தது. ஆயர் ஹுவான் ஹெரார்தி, பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் சாட்சியங்களைத் திரட்டி, 1998 ஏப்ரல் 24 அன்று தலைநகரின் பேராலயத்தில் அறிக்கையாக வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து, தாம் தங்கியிருந்த பங்கு இல்லத்தில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆனால் அந்தக் கொலை மூடி மறைக்கப்படவில்லை. 2001-இல் இராணுவத்தைச் சேர்ந்த மூவர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களோடு, வருத்தத்தோடு சொல்கிறோம், ஒரு குருவும் தண்டிக்கப்பட்டார். ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு இயங்கிய உண்மை ஆணையம் 1999-இல், அந்தப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல்போனார்கள் என்று கணக்கிட்டது. பதிவான மீறல்களில் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்தவர்களுமே பொறுப்பு என்றது.

அன்பர்களே, நாம் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கை சொல்கிறோம். அதில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. ஒன்று நம் அன்னை மரியா. மற்றொன்று பிலாத்து. அடித்த படைவீரர்களின் பெயர் அதில் இல்லை. அனுமதி கொடுத்துவிட்டுக் கைகழுவிய ஆளுநரின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை அந்தப் பெயரை விடவில்லை. வெறுப்பினால் அல்ல, இது யாருடைய ஆட்சியில், யாருடைய கையெழுத்தில் நடந்தது என்பது மறந்துபோகக் கூடாது என்பதால். கடைசிக் காவலர் ஒருவரை மட்டும் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடிவிடும் போதெல்லாம் இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டையும் பார்ப்போம். சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1984-இல் ஏற்படுத்தப்பட்டது. போரோ, நெருக்கடி நிலையோ, மேலதிகாரியின் ஆணையோ எதுவும் சித்திரவதைக்குச் சாக்கு ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இந்தியா 1997-இல் அதில் கையெழுத்திட்டது. ஆனால் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2010-இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது; மாநிலங்களவையில் குழுவுக்குப் போனது; சட்டமாகவில்லை. 2017-இல் சட்ட ஆணையமும் பரிந்துரை செய்தது. கட்சிகள் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. இந்த ஒரு காரியத்தில் எல்லாரும் ஒன்றுபோலவே இருந்திருக்கிறார்கள். நாமும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சாலையும் குடிநீரும் கேட்டோம், இதைக் கேட்டதில்லை.

நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒருவர் கைதானால் அந்தச் செய்தி குடும்பத்துக்குச் சொல்லப்பட வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் விதித்தது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். நம் அன்பியங்களில் இவற்றை ஒருமுறை படித்துத் தெரிந்துகொள்வோம். கைதானவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்தக் கட்சி என்று பார்க்காமல் அந்தக் குடும்பத்தோடு காவல் நிலையத்துக்கு நாலு பேர் கூடப் போவோம். சகோதரி டயானாவைப் பிழைக்க வைத்தது, அவரைக் காணவில்லை என்ற செய்தி வெளியே பரவியதுதான். அப்படித் தேட ஆளில்லாத எத்தனையோ மாயன் பெண்கள் திரும்பி வரவில்லை. நம் தொகுதி உறுப்பினர்களுக்கு, உடன்படிக்கையை ஏன் இன்னும் உறுதிசெய்யவில்லை என்று மரியாதையோடு ஒரு கடிதம் எழுதுவோம். காவல்துறையிலும் படையிலும் பணியாற்றும் நம் பங்குப் பிள்ளைகளுக்காகவும் செபிப்போம். தவறான ஆணை வரும்போது முடியாது என்று சொல்லும் துணிவை அவர்களுக்கு ஆண்டவர் தரட்டும். அப்படிச் சொன்னவருக்கு வேலை போனால், அந்தக் குடும்பத்தைத் தாங்க நம் பங்கு தயாராக இருக்கட்டும்.

செபிப்போம். கட்டப்பட்ட கைகளோடு அன்னாவின் முன் நின்ற ஆண்டவரே, இந்த நேரத்தில் எங்கோ ஓர் இருட்டறையில் அடிபட்டுக்கொண்டிருக்கும் மக்களோடு இரும். அவர்களுக்காகக் கேட்க எங்களுக்கு வாய் தாரும். அஞ்சி மௌனமாக இருந்த நாள்களுக்காக எங்களை மன்னியும். ஆட்சியில் இருப்போருக்கு உம்முடைய கேள்விக்குப் பதில் சொல்லும் மனத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.